அத்தியாயம் 6: ஆள் இல்லாத நேரத்தில் தானாக எழும் சேர்வர்

சேர்வரின் தொடக்க அமைப்புகளை யாரும் இரண்டாம் முறை திறந்து பார்ப்பதில்லை. பெட்டியைப் பிரித்து, லினக்ஸைப் போட்டு, வேலை செய்கிறதென்று கண்டதும் பயோஸ் மெனுவை மூடிவிடுகிறோம். அந்த மெனுவில் தொழிற்சாலை விட்டுச் சென்ற அமைப்புகள், மின்சாரம் ஒழுங்காக வரும், பக்கத்தில் ஒரு ஆள் இருப்பார் என்ற எண்ணத்தில் வைக்கப்பட்டவை. மன்னாரில் இரண்டையும் நம்பியிருக்க முடியாது.

இந்த அத்தியாயம் முழுவதும் ஒரே கேள்வியைச் சுற்றி வருகிறது. இரவு கரண்ட் போய்த் திரும்ப வருகிறது. அறை பூட்டிக் கிடக்கிறது. சேர்வர் என்ன செய்ய வேண்டும்? அந்தப் பதிலை முன்கூட்டியே எழுதி வைக்கும் இடம்தான் பூட் அமைப்பு. விதி சுருக்கமானது: வழமையான எழுச்சி விரைவாகவும் ஆள் தேவையில்லாமலும் நடக்க வேண்டும், கடுமையான வன்பொருள் பரிசோதனை நீங்கள் குறித்த நாளில், நீங்கள் பக்கத்தில் நிற்கும்போது நடக்க வேண்டும். இரண்டையும் கலந்துவிடுவதால்தான் பெரும்பாலான சிக்கல்கள் வருகின்றன.

கட்டளைகளின் பெயர்களை ஒலிப்பின்படி தமிழில் தந்திருக்கிறேன். இயந்திரத்தில் வழமைபோல் தட்டச்சிடுங்கள்.

6.1 மன்னாரின் நிலைமை

முதலில் மின்சாரம். 2020 ஓகஸ்ட் 17இல் கெரவலப்பிட்டி உபமின் நிலையத்தில் ஏற்பட்ட கோளாறு நாடு முழுவதையும் இருளாக்கியது. 2022 மார்ச் கடைசியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம்வரை மின்வெட்டு இருந்தது. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி, ஞாயிற்றுக்கிழமை, பாணந்துறை உபமின் நிலையத்தில் ஒரு குரங்கு பட்டதில் நாடு முழுவதும் கரண்ட் நின்றது. நுரைச்சோலை நிலக்கரி மின்நிலையமும் நின்றுபோனதால் அடுத்து வந்த நாட்களிலும் சுழற்சி முறையில் வெட்டினார்கள்.

மன்னார்த் தீவின் தென்கரையில் 30 காற்றாலைகள் நிற்கும்போது இங்கு ஏன் கரண்ட் இல்லை என்று அலுவலகத்தில் யாராவது கட்டாயம் கேட்பார்கள். 2020 டிசெம்பர் 8இல் திறந்த தம்பபவனி காற்றாலைப் பண்ணையின் கொள்ளளவு 103.5 மெகாவாட். ஆனால் இந்தக் காற்றாலைகள், தேசிய மின்கட்டமைப்பில் மின்னழுத்தமும் அதிர்வெண்ணும் ஏற்கெனவே இருந்தால்தான் அதனோடு சேர்ந்து ஓடும். செத்த கட்டமைப்பைத் தாமாக உயிர்ப்பிக்க அவற்றால் முடியாது. அந்த வேலையை நீர்மின் நிலையங்கள் தொடங்கிவைக்க, பகுதி பகுதியாக மின்சாரம் மீளும். அப்படி மீளும்போது வந்த கரண்ட் சில நிமிடத்தில் மறுபடி போவதும் உண்டு. சேர்வருக்கு முழு இருளைவிட ஆபத்தானது இந்த வந்துபோகும் நேரம்தான்.

அடுத்தது தூரம். சேர்வர் தலைமன்னாரிலோ பேசாலையிலோ இருக்கும். அதைப் பார்ப்பவர் மன்னார் நகரில் அல்லது வவுனியாவில் இருப்பார். உதிரிப்பாகம் கொழும்பிலிருந்து வர வேண்டும். வாடைக்கால மழையில் வீதி வெள்ளத்தில் மூழ்கினால் தள்ளாடியைத் தாண்டித் தீவுக்குள் வந்து சேர்வதே பாடு. ஒரு பொத்தானை அழுத்துவதற்காக ஒரு நாள் போய்விடும்.

மூன்றாவது உப்பு. சோளகம் வீசும் மே முதல் செப்டெம்பர் வரை கடற்காற்று உப்புத் துகளை அறைக்குள் கொண்டுவருகிறது. சமையல் உப்பு, காற்றின் சார் ஈரப்பதம் ஏறத்தாழ 75 வீதத்தைத் தாண்டினால் ஈரத்தை இழுத்துக் கரையத் தொடங்கும். குளிரூட்டி ஓடும்வரை அறை காய்ந்திருக்கும். கரண்ட் போய்க் குளிரூட்டியும் நின்றால், சில மணி நேரத்தில் பலகைகளில் படிந்த உப்பு ஈரமாகி மின்சாரம் கடத்தத் தொடங்கும். அதனால் இங்கு வன்பொருள் கோளாறு பெரும்பாலும் நீண்ட மின்தடைக்குப் பிந்திய முதல் எழுச்சியில் வெளிப்படும். பரிசோதனையை முழுவதுமாக நிறுத்திவிடக் கூடாது என்று பின்னால் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

6.2 சேர்வர் எழும் நான்கு படிகள்

எந்த யுனிக்ஸ் சேர்வரும் நான்கு கைகள் மாறித்தான் எழுகிறது. ஒவ்வொரு கையும் எங்கே நின்றுபோகலாம் என்று தெரிந்துகொண்டால் மீதி சுலபம்.

முதலாவது, மேலாண்மைச் சில்லு. பிஎம்சி என்று பொதுவாகச் சொல்வார்கள். டெல்லில் ஐடிராக், எச்பிஈயில் ஐலோ, சன், ஒரக்கிள் இயந்திரங்களில் ஐலோம். மின்கம்பி செருகியதும் இது விழித்துவிடும். பிரதான இயந்திரத்தை எழுப்புவதா விடுவதா என்ற முடிவு இங்குதான்.

இரண்டாவது, ஃபேர்ம்வெயார். பயோஸ், யூஈஎஃப்ஐ, ஸ்பார்க் இயந்திரங்களில் ஓப்பன்பூட். மெமரி, புரொசெசர், விசிறி, கார்ட்டுகள் எல்லாவற்றையும் பார்க்கும் தொடக்கப் பரிசோதனை, அதாவது போஸ்ட், இங்கு நடக்கும். எந்த டிஸ்க்கிலிருந்து எழுவது என்பதும் இங்கேதான் தீர்மானமாகும்.

மூன்றாவது, பூட்லோடர். லினக்ஸில் கிரப், ஃப்ரீபிஎஸ்டியில் லோடர். எந்தக் கேர்னல், எந்த அளவுருக்கள் என்பதை இது தேர்ந்தெடுக்கிறது.

நான்காவது, கேர்னலும் அதன் பின்வரும் சிஸ்டெம்டி போன்ற தொடக்க முறையும். டிஸ்க்குகள் ஏற்றப்பட்டு, டேட்டாபேஸும் மற்றச் சேவைகளும் இங்கு எழுகின்றன.

6.3 கரண்ட் மீண்டதும்

பயோஸில் அல்லது பிஎம்சியில் மின் மீட்பு என்றொரு அமைப்பு இருக்கும். டெல்லில் ஏசி பவர் ரிகவரி, சூப்பர்மைக்ரோவில் ரிஸ்டோர் ஒன் ஏசி பவர் லாஸ். மூன்று தெரிவுகள் உண்டு: எப்போதும் எழு, எப்போதும் அணைந்தே இரு, முந்தைய நிலைக்குத் திரும்பு. பலர் மூன்றாவதை நியாயமானதென்று எண்ணித் தெரிவுசெய்வார்கள். யூபிஎஸ் உள்ள இடத்தில் அது ஒரு பொறி.

நடப்பதைப் பாருங்கள். கரண்ட் போகிறது. யூபிஎஸ் பற்றரி இறங்குகிறது. நெட்வேர்க் யூபிஎஸ் டூல்ஸ் மென்பொருள், நீங்கள் சொன்னபடி, சேர்வரை ஒழுங்காக மூடுகிறது. பின்னர் பற்றரி தீர்ந்து யூபிஎஸும் அணைகிறது. விடியற்காலை கரண்ட் வருகிறது. சேர்வர் பார்க்கிறது: மின்சாரம் கடைசியாக அறுந்தபோது நான் எந்த நிலையில் இருந்தேன்? அணைந்த நிலையில். எனவே அணைந்தே இருக்கிறது. எல்லாம் சொன்னபடி நடந்தும் காலையில் அந்தச் சேர்வரை நம்பியிருக்கும் கிளினிக்கில் கணக்குத் திறக்கவில்லை.

ஆகவே தெரிவு “எப்போதும் எழு” என்றே இருக்கட்டும். ஐபிஎம்ஐ டூல் கட்டளை உள்ள இயந்திரங்களில், பயோஸுக்குப் போகாமலே, சாஸி பொலிசி என்ற துணைக்கட்டளைக்கு ஓல்வேஸ்-ஒன் என்று கொடுத்து இதை மாற்றலாம்.

இன்னொரு பொறியும் இருக்கிறது. சேர்வர் ஒழுங்காக மூடிய பின், யூபிஎஸ் பற்றரி தீருமுன்னரே கரண்ட் வந்துவிட்டால்? சேர்வரின் கம்பியில் மின்சாரம் அறுந்ததே இல்லை. அறுந்து வந்தால்தான் “எப்போதும் எழு” வேலை செய்யும். இதற்காகத்தான் மூடும் கடைசிக் கட்டத்தில் யூபிஎஸ்ஸுக்கே ஒரு கட்டளை போக வேண்டும்: சில விநாடி கழித்து உன் வெளிவழியை வெட்டு, கரண்ட் இருந்தால் சற்றுப் பொறுத்துத் திரும்பத் திற. யூபிஎஸ் டூல்ஸின் அமைப்புக் கோப்பில் ஓஃப்டிலே, ஒன்டிலே என்ற இரண்டும் அதற்கானவை. ஓஃப்டிலே குறுகியதாக இருந்தால் டிஸ்க் எழுதி முடிக்குமுன்னரே வெட்டிவிடும். யூஎஸ்பி வழி யூபிஎஸ்களுக்கு இயல்பாக வரும் 20 விநாடி, பெரிய டேட்டாபேஸ் உள்ள இயந்திரத்துக்குப் போதுமா என்று சோதித்துப் பாருங்கள்.

அடுத்தது தாமதம். கரண்ட் வந்த அதே நொடியில் எழுவது நல்லதில்லை. பற்றரி காலி, மறுபடி கரண்ட் போனால் தாங்க ஏதுமில்லை, டேட்டாபேஸ் பாதி எழுந்த நிலையில் அறுபடும். இரண்டு வகையில் தாமதம் வைக்கலாம். யூபிஎஸ் இடம்கொடுத்தால், பற்றரி குறிப்பிட்ட வீதம் ஏறிய பிறகே வெளிவழியைத் திறக்கும்படி சொல்லுங்கள். 30 வீதம் ஒரு நல்ல தொடக்கம். இல்லையென்றால் சேர்வரின் மின் மீட்புத் தாமதத்தைப் பயன்படுத்துங்கள். டெல், எச்பிஈ இரண்டிலும் இது உண்டு. சேமிப்பகமும் நெட்வேர்க் சுவிட்சும் முதலில் எழ வேண்டுமாதலால் அவற்றுக்குத் தாமதம் வேண்டாம். அவற்றை நம்பியிருக்கும் சேர்வருக்கு 2 நிமிடம் கொடுங்கள்.

6.4 காத்துநிற்கும் இடங்கள்

மின்சாரம் வந்தும் சேர்வர் எழவில்லை என்றால், பெரும்பாலும் அது யாரோ ஒருவருக்காகக் காத்துநிற்கிறது. இந்த இடங்களை ஒவ்வொன்றாகத் தேடி அடைக்க வேண்டும்.

எஃப்1 கேள்வி. விசிறி ஒன்று மெதுவாகச் சுற்றுகிறது, இரட்டை மின்வழங்கியில் ஒன்று இல்லை, கீபோர்ட் இல்லை. இப்படி ஏதாவது கண்டால் ஃபேர்ம்வெயார் திரையில் ஒரு வரியைக் காட்டி “தொடர எஃப்1 அழுத்து” என்று நிற்கும். மொனிற்றரே இல்லாத அலுமாரியில் அந்த வரியை யார் படிப்பது? டெல்லில் பிழை வந்தால் எஃப்1, எஃப்2 கேட்கும் அமைப்பு இயல்பாகவே திறந்திருக்கும், அதை மூடுங்கள். எச்பிஈயில் 20 விநாடி பொறுத்துத் தொடரும் தெரிவு உண்டு, அதை வையுங்கள். பிழை நிகழ்வுப் பதிவேட்டில் எப்படியும் விழும். அதை மறுநாள் படிக்கலாம்.

கிரப் மெனு. கிரப் டைம்அவுட்டை 5 விநாடியாக வையுங்கள். உபுண்டுவில் முந்தைய எழுச்சி முழுமையாகவில்லை என்று கண்டால் வேறொரு நேரம் பயன்படும். ரெக்கோர்ட்ஃபெயில் டைம்அவுட் என்று தேடினால் கிடைக்கும். அதையும் வெளிப்படையாக எழுதிவிடுங்கள். எழுதியபின் அப்டேட்-கிரப் ஓட்டாவிட்டால் எதுவும் மாறாது.

இல்லாத டிஸ்க். பேக்கப்புக்காகச் செருகிய வெளி டிஸ்க்கை எஃப்எஸ்டேபில் எழுதிவைக்கிறார்கள். ஒருநாள் யாரோ அதைக் கழற்றிக் கொண்டுபோகிறார்கள். அடுத்த எழுச்சியில் லினக்ஸ் 90 விநாடி அதற்காகக் காத்திருந்து, பிறகு அவசரநிலைக்கு இறங்கி ரூட் பாஸ்வேர்ட் கேட்டு நின்றுவிடும். பிரதான டிஸ்க்கில் எந்தக் குறையும் இல்லாமலே சேர்வர் கிடந்துபோகும். அவசியமில்லாத ஒவ்வொரு டிஸ்க்குக்கும் நோஃபெயில் என்ற சொல்லைச் சேருங்கள். நெட்வேர்க் வழி வரும் கோப்பகங்களுக்கும் அதுவே.

குறியாக்கப் பாஸ்வேர்ட். முழு டிஸ்க்கையும் குறியாக்கியிருந்தால் ஒவ்வொரு எழுச்சியிலும் யாராவது பாஸ்வேர்ட் தட்ட வேண்டும். நோயாளர் விவரம் போன்றவற்றைக் குறியாக்கத்தான் வேண்டும். அதற்குத் தரவுப் பகுதியை மட்டும் குறியாக்கி, சிஸ்டம் பகுதியைத் திறந்து வைக்கலாம். சேர்வர் தானாக எழுந்து நெட்வேர்க்கில் வந்ததும் நீங்கள் தொலைவிலிருந்து தரவைத் திறக்கிறீர்கள். சிஸ்டம் பகுதியில் ரகசியம் எதையும் வைக்காதீர்கள்.

கேர்னல் பேனிக். இயல்பில் லினக்ஸ் பேனிக் ஆனால் அப்படியே உறைந்துவிடும். கேர்னல் அளவுருவில் பேனிக் என்பதற்கு 30 என்று கொடுத்தால் 30 விநாடியில் தானாக ரீபூட் ஆகும். முழுதாக உறைந்து பேனிக் கூட ஆகாத நிலைக்கு, சிஸ்டெம்டியின் ரன்டைம் வோச்டோக் அமைப்பைத் திறந்து, வன்பொருள் காவல்கடிகாரத்தை ஓடவிடுங்கள்.

6.5 பரிசோதனை: எப்போது குறுகியது, எப்போது நீளமானது

தொடக்கப் பரிசோதனைக்கு எல்லா உற்பத்தியாளரும் இரண்டு மூன்று ஆழங்கள் வைத்திருக்கிறார்கள். ஆழம் கூடக் கூட நேரமும் கூடும். 256 ஜிபி மெமரியை முழுதாகப் பார்க்க மணிக்கணக்கில் ஆகலாம். ஒவ்வொரு எழுச்சியிலும் அதை ஓடவிட்டால், வந்துபோகும் கரண்டில் சேர்வர் பரிசோதனையை முடிக்கவே மாட்டாது. அடியோடு நிறுத்தினாலோ உப்பில் கெட்ட மெமரி, டேட்டாபேஸுக்குள் பிழையான எண்களை எழுதிக்கொண்டிருக்கும்.

எனவே அன்றாட எழுச்சிக்குக் குறுகிய பரிசோதனை. பிழையால் வந்த ரீபூட்டுக்கு நடுத்தரம். வருடத்தில் இரண்டு தடவை, மார்ச்சிலும் செப்டெம்பர் கடைசியிலும், முழுப் பரிசோதனை. மார்ச், சோளகம் தொடங்குமுன் வரும் இடைவெளி. செப்டெம்பர் கடைசி, சோளகத்தின் உப்பு முழுதாகப் படிந்திருக்கும், ஒக்டோபர் மழையும் இடியும் வரவில்லை. பழுது இருந்தால் கண்டுபிடிக்க அதைவிட நல்ல நேரம் இல்லை.

ஸ்பார்க் இயந்திரங்கள். சோலாரிஸ் ஓடும் பழைய சன் சேர்வர்கள் இன்னும் சில இடங்களில் உழைக்கின்றன. அவற்றின் அமைப்புகளை ஓகே குறியில் செட்என்வ் மூலமோ, சோலாரிஸிலிருந்து ஈப்ராம் கட்டளை மூலமோ மாற்றலாம். பல பெயர்கள் கேள்விக்குறியில் முடிகின்றன. ஷெல்லுக்குக் கேள்விக்குறி வேறு பொருள் தருமாதலால், ஈப்ராம் கட்டளையில் முழு அமைப்பையும் ஒற்றை மேற்கோளுக்குள் எழுதுங்கள். பார்க்க வேண்டியவை நான்கு. ஓட்டோ-பூட்? “ஆம்” என்றிருக்க வேண்டும். டயக்-லெவல் பரிசோதனையின் ஆழம். மின் (குறுகியது), மேக்ஸ் (முழுமையானது) என்பவை அதன் மதிப்புகள். டயக்-ஸ்விட்ச்? பரிசோதனையைத் திறப்பது. ஓட்டோ-பூட்-ஒன்-எரர்? ஒரு மெமரி வங்கி செத்தாலும் மீதியோடு எழுவதா என்பது. பல மொடல்களில் “இல்லை” என்றே வரும். ஆளில்லாத இடத்தில் “ஆம்” என்று வைத்து, நிகழ்வுப் பதிவேட்டை நாளாந்தம் படிப்பது நல்லது.

டயக்-ஸ்விட்ச்?இல் ஒரு கண்ணி உண்டு. பழைய மொடல்களில் அதைத் திறந்தால் சேர்வர் வழமையான பூட் டிஸ்க்கை விட்டுவிட்டு டயக்-டிவைஸ் என்பதிலிருந்து எழப்பார்க்கும். அதன் இயல்பு மதிப்பு நெட்வேர்க். பரிசோதனை முடிந்தும் சேர்வர் நெட்வேர்க்கை நோக்கிக் கூவிக்கொண்டே நிற்கும். பரிசோதனை முடிந்ததும் அதை மூட மறக்காதீர்கள். அல்லது டயக்-டிவைஸையும் அதே டிஸ்க்காக மாற்றுங்கள். பரிசோதனையின் விவரம் சீரியல் கன்சோலில்தான் வரும். மொனிற்றரில் ஒன்றும் தெரியாது.

இந்த இயந்திரங்களின் அமைப்புகள், பற்றரியும் உள்ளடங்கிய ஒரு நினைவகச் சில்லில் இருக்கும். அந்தப் பற்றரி தீர்ந்தால் நெட்வேர்க் முகவரி எல்லா இடமும் எஃப்எஃப் என்று மாறி, அமைப்புகளும் போய்விடும். சாதாரண சேர்வர்களில் அதே வேலையைச் செய்வது சிஆர்2032 நாணயப் பற்றரி; அது செத்தால் மின் மீட்பு அமைப்பும் தொழிற்சாலை நிலைக்குத் திரும்பலாம். செப்டெம்பர் வேலையோடு அதையும் அளந்து, 3 வோல்ட்டுக்கு நன்றாகக் குறைந்திருந்தால் மாற்றிவிடுங்கள்.

எச்பி-யூஎக்ஸ். இட்டானியம் சேர்வர்கள் 2021இல் கடைசியாக அனுப்பப்பட்டன. எச்பி-யூஎக்ஸ் 11ஐ மூன்றாம் பதிப்புக்கான வழமையான ஆதரவும் 2025 முடிவோடு நின்றது. பழையது இன்னும் கையில் இருந்தால் செட்பூட் கட்டளையைத் தெரிந்துவைத்திருங்கள். மெமரி, புரொசெசர் என்று ஒவ்வொரு பரிசோதனையையும் தனித்தனியே திறந்து மூட அது வழி தருகிறது.

சாதாரண எக்ஸ்86 சேர்வர். ஃபேர்ம்வெயாரில் விரைவு மெமரிப் பரிசோதனையை அன்றாடத்துக்கு வையுங்கள். முழுப் பரிசோதனை நாளுக்கு மெம்டெஸ்ட்86 பிளஸ். அதன் 6ஆம் பதிப்பு முதல் யூஈஎஃப்ஐயிலும் ஓடும். டிஸ்க்குக்கு ஸ்மார்ட்சிடிஎல் நீள் பரிசோதனை. இதைச் சேர்வர் ஓடிக்கொண்டிருக்கும்போதே பின்னணியில் ஓட்டலாம். எழுச்சியோடு சேர்க்கத் தேவையில்லை. ஈசிசி மெமரி தானாகத் திருத்திய பிழைகளை ராஸ்டீமன் எண்ணிவைக்கும். வாரத்துக்கு ஒன்றிரண்டாக இருந்தது திடீரென நூற்றுக்கணக்கில் ஏறினால் அந்த மெமரியைக் கழற்றிப் பாருங்கள்.

கழற்றினால் பொன்முலாம் பூசிய விளிம்பை வெளிச்சத்தில் சரித்துப் பிடியுங்கள். மங்கலான வெண்படலம் தெரிந்தால் உப்பு. பற்களின் ஓரத்தில் பச்சைக் களிம்பு ஏறியிருந்தால் முலாமின் கீழ் செம்பு அரிக்கத் தொடங்கிவிட்டது. வெண்படலத்தை 99 வீத ஐசோபுரோபைல் ஆல்கஹோலில் நனைத்த, நார் உதிராத துணியால் ஒரே திசையில் துடைத்து உலரவிடுங்கள். அழிறப்பர் கொண்டு தேய்த்தால் முலாமே போய்விடும். பச்சை கண்ட மெமரியைத் துடைத்துத் திரும்பப் போடாமல், மாற்றிவிடுங்கள்.

6.6 ஒருதரம், நிரந்தரம்

தொலைவிலுள்ள சேர்வரில் எந்த மாற்றத்தையும் முதலில் ஒருதரம் மட்டும் செய்து பாருங்கள். அடுத்த எழுச்சிக்கு மட்டும் அது செல்லும். பிழைத்தால், கரண்டை அறுத்துத் திருப்பிக் கொடுத்தாலே பழைய நிலைக்கு வந்துவிடும். எல்லாக் குடும்பத்திலும் இதற்கு வழி இருக்கிறது.

• யூஈஎஃப்ஐ: ஈஎஃப்ஐபூட்மேனேஜரில் சிறிய ஓ நிரந்தர வரிசை, சிறிய என் அடுத்த ஒரு தடவைக்கு மட்டும்.
• கிரப்: கிரப்-செட்-டிஃபோல்ட் நிரந்தரம், கிரப்-ரீபூட் ஒருதரம்.
• ஃப்ரீபிஎஸ்டி: நெக்ஸ்ட்பூட் ஒருதரம்.
• எச்பி-யூஎக்ஸ் செட்பூட்: சிறிய டி நிரந்தரம்; பெரிய டி அடுத்த எழுச்சிக்கு மட்டும்.
• ஐபிஎம்ஐ: பூட்டெவ் இயல்பாகவே ஒருதரம்; பெர்சிஸ்டன்ட் என்று சேர்த்தால் நிரந்தரம்.

கிரப்-ரீபூட்டில் கவனம். தான் எழுந்ததைக் கிரப் ஒரு சிறு கோப்பில் திருத்தி எழுதினால்தான் ஒருதரம் ஒருதரமாக இருக்கும். பூட் பகுதி எல்விஎம்மிலோ மென்பொருள் ரெய்டிலோ இருந்தால் அந்தக் கோப்பைக் கிரப் படிக்குமே தவிர எழுதாது. அப்போது ஒருதரம் என்று நினைத்தது ஒவ்வொரு எழுச்சியிலும் திரும்ப வரும். பூட் பகுதியைச் சாதாரணப் பகிர்வில் வைப்பதே பாதுகாப்பு.

மெம்டெஸ்ட் தானாக முடியாது. நிறுத்தும்வரை சுற்றிக்கொண்டே இருக்கும். ஒருதரம் முறையில் அதை எழுப்பி, நீங்கள் பக்கத்தில் இருந்தால் விசையை அழுத்தியோ, தொலைவில் இருந்தால் பிஎம்சி வழியே மின்சாரத்தைச் சுழற்றியோ வெளியே வாருங்கள்.

6.7 தொலைவிலிருந்து பார்ப்பது

எழும்போது என்ன நடக்கிறதென்று காண, சீரியல் கன்சோலைப் பிஎம்சி வழியே நெட்வேர்க்கில் கொண்டுவரலாம். ஃபேர்ம்வெயார், கிரப், கேர்னல் மூன்றிலும் அதே சீரியல் துறையையும் 115200 வேகத்தையும் எழுதினால்தான் முதல் வரியிலிருந்து கடைசிவரை அறுபடாமல் தெரியும். ஒன்றில் மட்டும் எழுதி மற்றதில் விட்டால், சரியாகக் கோளாறு நடக்கும் இடத்தில் திரை வெறுமையாகும்.

பிஎம்சியைப் பொது இணையத்தில் திறந்து வைக்காதீர்கள். ஐபிஎம்ஐ 2.0இன் உள்நுழைவு முறை, பாஸ்வேர்டின் ஹேஷை உள்நுழையாதவருக்கும் கொடுத்துவிடும். அதை நிதானமாக உடைக்கலாம். தனி நெட்வேர்க்கில் விட்டு, விபிஎன் வழியாக மட்டும் அணுகுங்கள். தொழிற்சாலைப் பாஸ்வேர்டை முதல் நாளே மாற்றுங்கள். பிஎம்சி இணைந்திருக்கும் சுவிட்சும் ரவுட்டரும் யூபிஎஸ்ஸிலேயே இருக்க வேண்டும். சேர்வர் மட்டும் யூபிஎஸ்ஸில் இருந்தால் உயிரோடிருந்தும் உங்களால் பார்க்க முடியாது.

6.8 பிளக்கைக் கழற்றிப் பாருங்கள்

அமைப்பு சரியா என்பதை மெனுவைப் படித்து அறிய முடியாது. சேர்வரை ஒப்படைக்குமுன், பயனாளர் இல்லாத ஒரு மாலையில், பேக்கப் எடுத்தபின் இதைச் செய்யுங்கள்.

1. கீபோர்ட், மொனிற்றர் இரண்டையும் கழற்றுங்கள்.
2. யூபிஎஸ்ஸின் சுவர் பிளக்கைக் கழற்றுங்கள். சேர்வர் தானாக மூடுகிறதா, எத்தனை நிமிடத்தில் என்று குறியுங்கள்.
3. சேர்வர் மூடிய உடனே, பற்றரி தீருமுன், பிளக்கைத் திரும்பச் செருகுங்கள். யூபிஎஸ் வெளிவழியை வெட்டித் திறந்து சேர்வரை எழுப்புகிறதா? 6.3இல் சொன்ன இரண்டாவது பொறி இங்கு பிடிபடும்.
4. மறுபடி கழற்றி, இம்முறை பற்றரி முழுதாகத் தீரவிடுங்கள். பத்து நிமிடம் கழித்துச் செருகுங்கள்.
5. சேர்வர் எழத் தொடங்கியதும் ஒரு தடவை யூபிஎஸ்ஸின் வெளிவழியையே அணைத்து, ஒரு நிமிடத்தில் திறங்கள். இது வந்துபோகும் கரண்டின் ஒத்திகை.
6. பேக்கப் டிஸ்க்கைக் கழற்றிவிட்டு ஒரு தடவை ரீபூட் செய்யுங்கள்.
7. கடைசியில் ஐபிஎம்ஐ டூலின் எஸ்இஎல் துணைக்கட்டளையால் நிகழ்வுப் பதிவேட்டைப் படியுங்கள். டேட்டாபேஸின் பதிவேட்டையும் பாருங்கள்.

எல்லாப் படியிலும் சேர்வர் யாருடைய கையும் படாமல் எழ வேண்டும். ஒன்றில் நின்றாலும் காரணத்தைத் திருத்தி, முதலாம் படியிலிருந்து மீண்டும் தொடங்குங்கள்.

6.9 அலுமாரிக் கதவில் ஒட்ட வேண்டியது

உங்களுக்குப் பின் வருபவருக்காக ஒரு தாள் அச்சிட்டு, பிளாஸ்டிக் உறையிலிட்டு, அலுமாரிக் கதவின் உட்புறம் ஒட்டுங்கள். கணினிக்குள் மட்டும் இருந்தால் அது தேவைப்படும் நேரத்தில் திறக்காது. பாஸ்வேர்டை அதில் எழுதாதீர்கள். எழுத வேண்டியவை:

• மின் மீட்பு: எப்போதும் எழு, தாமதம் எத்தனை விநாடி.
• யூபிஎஸ்: மூடும் பற்றரி வீதம், திறக்கும் பற்றரி வீதம், வெட்டும் தாமதம்.
• பூட் வரிசை: முதல் டிஸ்க், மாற்று டிஸ்க், அவை எந்தத் துளையில் உள்ளன.
• அன்றாடப் பரிசோதனையின் ஆழமும் அதற்கு எடுக்கும் நேரமும்.
• வழமையான எழுச்சிக்கு எடுக்கும் மொத்த நேரம்.
• கடைசி முழுப் பரிசோதனையின் திகதி, கண்ட பிழைகள், மாற்றிய பாகங்கள்.
• நாணயப் பற்றரி மாற்றிய திகதி.
• பிளக் கழற்றிப் பார்த்த திகதி.

இவற்றில் அதிகம் பயன்படுவது மொத்த நேரம். அது 6 நிமிடம் என்று எழுதியிருந்தால், அலுவலகத்தில் இருப்பவர் நான்காம் நிமிடத்தில் பதறிப் பொத்தானை அழுத்தி, எழுந்துகொண்டிருக்கும் சேர்வரை அறுக்கமாட்டார். எட்டாம் நிமிடம் தாண்டியும் எழவில்லை என்றால் உங்களை அழைக்க வேண்டுமென்பதும் அவருக்குத் தெரியும். அந்த எண்ணைப் பெரிய எழுத்தில் தாளின் தலையில் போடுங்கள். ஃபேர்ம்வெயார் புதுப்பித்தாலோ மெமரி கூட்டினாலோ நேரத்தைத் திரும்ப அளந்து திருத்துங்கள்.